சிறு பெட்டியும் ஆழ்ந்த நாதமும்

இறக்குவானை, எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளின் தோட்டப் பாதைகளில் முச்சக்கர வண்டி பல குடும்பங்களுக்கு வாகனமாகவும் பிழைப்பாகவும் விளங்குகிறது. அதன் பின்னாசனத்துக்குப் பின்னே ஒலிபெருக்கிப் பெட்டியொன்றைப் பொருத்தி, மத்தள முழக்கம் நெஞ்சில் அதிரும்படி பாட்டுக் கேட்பது இளைஞர்க்குப் பெருவிருப்பம். அவ்விருப்பத்தைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயினும் அரிசி மூட்டையும் பள்ளிப் பிள்ளைகளின் பைகளும் அதே இடத்தில்தான் அமர வேண்டும். ஆகவே, பெட்டி எவ்வளவு சிறியதாகலாம் என்பதே கேள்வி.

பெட்டி எதற்கு? ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே காற்றைத் தள்ளும்போதே பின்னே காற்றை இழுக்கிறது. தாழ்ந்த ஒலிகளில் இவ்விரு அலைகளும் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துவிடும். மாணவர்கள் பழைய றேடியோ ஒலிபெருக்கியை வெறுமனே ஒலிக்கவிட்டு, பின்னர் துளையிட்ட பெரிய அட்டையில் பொருத்திக் கேட்டால் வேறுபாடு உடனே விளங்கும்.

மூடிய பெட்டியில் அடைபட்ட காற்றோ ஒரு சுருள்வில்லைப் போன்றது. அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1954இல் இக்காற்று வில்லையே துணைகொண்டு சிறு பெட்டியில் ஆழ்ந்த நாதம் எழச் செய்து காட்டினார். ஆனால் பெட்டி சிறுத்தால் வில் விறைக்கும். நாதத்தின் ஆழமும் குறையும். எவ்வளவு குறையும் என்பதைக் கணக்கிடலாம். ஒலிபெருக்கியுடன் வரும் தாளில் வி.ஏ.எஸ். என்றோர் அளவு இருக்கும். அதைப் பெட்டியின் கனவளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் கண்டு, கூம்பின் இயல்பான அதிர்வெண்ணால் பெருக்குக. வி.ஏ.எஸ். 30 லீற்றர், அதிர்வெண் வினாடிக்கு 30 எனக் கொள்வோம். 30 லீற்றர்ப் பெட்டியில் அது 42 ஆகும். 15 லீற்றரில் 52. 10 லீற்றரில் 60. பாதி இடத்தை மிச்சப்படுத்தப் பத்து அதிர்வுகளை இழப்பது நட்டமன்று என்போம். அதற்கும் கீழே இறங்குவதை நாம் விரும்போம்.

ஆசனத்தின் முதுகு சாய்ந்திருப்பதால் பெட்டியும் அவ்வாறே சாய்ந்திருக்கட்டும். உள்ளளவில் அகலம் 40 சென்றிமீற்றர், உயரம் 30, ஆழம் மேலே 10, கீழே 18 எனில் கனவளவு 16.8 லீற்றர். ஒலிபெருக்கியின் உடல் சுமார் ஒன்றரை லீற்றரை அடைத்துக்கொள்ளும். ஆழம் குறைந்த ஒலிபெருக்கியையே தேர்க. துளையுள்ள பெட்டி கூடுதல் இடம் கேட்கும், இங்கே வேண்டாம்.

இரத்தினபுரி மழையைத் தச்சர் மறக்கலாகாது. மரத்தூள் பலகை ஈரத்தில் ஊதிப் பிளக்கும். நீர் தாங்கும் 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையே தக்கது. மூட்டுகளையும் கம்பி நுழையும் துளையையும் சிலிக்கன் பசையால் அடைக்க வேண்டும். கூம்பை மெல்ல அழுத்தி விட்டால் அது தயங்கித் திரும்ப வேண்டும். சட்டென்று திரும்பினால் எங்கோ காற்றுக் கசிகிறது.

250 வாற்றுப் பெருக்கி முழு வலுவில் 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து 20 அம்பியருக்கு மேல் இழுக்கும். சவாரிக்கு வண்டி கிளம்பாமற்போனால் பாட்டு எதற்கு? 50 வாற்று இச்சிறு வண்டிக்குப் போதும். பற்றரியின் அருகிலேயே உருகி இருக்கட்டும். லயன் வாசலில் நிறுத்தியதும் ஒலியைத் தணித்துவிடுவதே முறை. தாழ்ந்த நாதம் சுவரை எளிதில் ஊடுருவும். அடுத்த அறையில் விடியுமுன் பால்வெட்டச் செல்பவர் உறங்கிக்கொண்டிருப்பார்.

பெட்டியைக் கையால் திருகும் இரண்டு மறைகளாற் பொருத்துவது நன்று. கலியாணச் சாமான் ஏற்றும் நாளில் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம்.