குதிரையைக் கொடுத்து ராஜாவை வெளியே இழுப்பது

2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற பிறகு, நம் சங்கத்துக் குடும்பங்களில் சதுரங்கம் ஆடாத பிள்ளை அபூர்வம். ஆனால் ஆட்டமெல்லாம் கைபேசியில்தான். எதிராளி யாரென்று தெரியாது. ஆளுக்குப் பத்து நிமிடம். பதினொரு வயதான என் பேரன் ஒரு ஞாயிறன்று மூன்று ஆட்டங்களில் ஒரே விதமாகத் தோற்று, "தாத்தா, இனிமே நான் ஆடல" என்று போனைக் கவிழ்த்து வைத்தான். பரணிலிருந்த மரப்பலகையை இறக்கினேன். அன்பர்களும் காய்களை அடுக்கிக்கொண்டு படித்தால் நல்லது.

முதலில் பெயர்க் குழப்பம் தீரவேண்டும். இங்கே பக்கத்து வீட்டுப் பையன்கள் ராணியை 'வஜீர்' என்கிறார்கள். வஜீர் என்றால் மந்திரிதானே என்று நம் பிள்ளைகள் சாய்வாகச் செல்லும் காயைத் தொடுவார்கள். அவர்களுக்கோ அது ஒட்டகம்! நான் நம் வழக்கப்படியே எழுதுகிறேன்.

வெள்ளைச் சிப்பாய் ஈ4, கறுப்பு ஈ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6. வெள்ளை மந்திரி சி4, கறுப்பின் மற்றொரு குதிரை எஃப்6. இப்போது வெள்ளைக் குதிரை ஜி5-க்குத் தாவுகிறது. குதிரை, மந்திரி இரண்டுக்கும் குறி எஃப்7 சிப்பாய். ஆட்டத் தொடக்கத்தில் அந்தக் கட்டத்துக்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. தண்டவாளத்தைப் பரிசோதிக்கும்போது எங்கள் கண் முதலில் ஃபிஷ்பிளேட் இணைப்பில்தான் போகும். அதுபோலத்தான் இதுவும்.

கறுப்பு டி5 ஆடி மந்திரியின் வழியை மறிக்கிறது. சரிதான். வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டுகிறது. பேரன் தவறியது இங்கேதான். போன சிப்பாய்க்குப் பதிலாகக் குதிரையால் டி5-இல் வெட்டினான். பார்வைக்குக் கணக்கு நேர்.

உடனே வெள்ளைக் குதிரை எஃப்7-இல் பாய்கிறது. ராணி, யானை இரண்டையும் ஒருசேர மிரட்டுவதால் ராஜாவே அதை வெட்டியாக வேண்டும். குதிரைக்கு மூன்று, சிப்பாய்க்கு ஒன்று என்று மதிப்புப் போட்டால் வெள்ளைக்கு இரண்டு நஷ்டம். ஆனால் அடுத்து வெள்ளை ராணி எஃப்3-க்கு வந்து செக் சொல்கிறது. டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜா ஈ6-க்கு, நட்டநடு வீதிக்கு, நடந்து வரவேண்டும். ஜி8-க்கு ஒதுங்கினாலோ மந்திரி அக்குதிரையைச் செக்கோடு வெட்டும், விரைவில் மாட். ஈ6-க்கு வந்தாலும், டி5 குதிரை ராஜாவுக்கு முன் கட்டுண்டு நகர முடியாமல் நிற்கிறது. அதன்மேல் மூன்றாவது ஆளாக வெள்ளையின் இன்னொரு குதிரை சி3-க்கு வருகிறது.

இதற்கு 'வறுத்த ஈரல் தாக்குதல்' என்று பெயர். சொன்னாலே என் மனைவி முகம் சுளிக்கிறாள். நானூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியர் போலேரியோ காலத்திலேயே இருந்த உத்தி இது.

கறுப்பு உடனே செத்துவிடாது. சி6 குதிரையை பி4-க்கோ ஈ7-க்கோ கொண்டுவந்து தாக்குப்பிடிக்கலாம். ஆனால் தாக்குபவருக்கு நகர்வு தானே கைக்கு வரும். தடுப்பவருக்கு ஒவ்வொரு முறையும் ஓரிரண்டு நகர்வுதான் சரி, மற்றதெல்லாம் பள்ளம். கடிகாரம் ஓடும்போது அதைத் தேடிப் பிடிப்பது சிறுவனால் ஆகிற காரியமா? கைபேசி ஆட்டத்தில் பலிகள் இவ்வளவு பலிப்பது இதனால்தான். 1960-இல் உலகப் பட்டம் வென்ற மிகைல் தால் இப்படி எதிரியைத் திணறடிப்பதில் மன்னர். சென்னையில் அவர் பெயரில் இருந்த சங்கத்தில்தான் சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகினார்.

மாற்று மருந்து உண்டு. டி5 சிப்பாயை வெட்டாமல், சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி மந்திரியை மிரட்டுவது. மந்திரி பி5-இல் செக் சொல்லும். சி6-இல் சிப்பாயை வைத்து மறைக்க வேண்டும். வெள்ளை அதை வெட்ட, பி சிப்பாயால் திருப்பி வெட்டலாம். மந்திரி மறுபடி ஓட வேண்டும். பிறகு எச்6 ஆடி ஜி5 குதிரையையும் விரட்டலாம். அவை ஓடுகிற நேரத்தில் கறுப்பின் காய்கள் வெளியே வந்துவிடும்.

"ஆனா எனக்கு ஒரு சிப்பாய் கம்மியா இருக்கே, தாத்தா?" என்றான்.

"ஆமாம்டா. இப்போ பலி கொடுத்தவன் நீ."

அடுத்த ஞாயிறு ஏ5 ஆடினான். நாற்பது நகர்வு தாண்டித் தோற்றான். பலகையை அவனே இறக்கி வைத்தான். எங்கே பிசகியது என்று இருவரும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.