உள்ளங்கையில் ஓர் ஆகாய விமானம்

ஆகாய விமானத்தைக் கட்டுபவர் சிலர், ஓட்டுபவர் சிலர். இவ்விரு சாராரிலும் சேராது, விமானத்தை அங்கம் அங்கமாக அறிந்துகொண்ட வேறொரு சாராரும் உளர். அவர்களே மாதிரி விமானஞ் செய்வோர். பத்து வயதிற் பற்றிக்கொள்ளும் இவ்வாசை எழுபது வயதிலும் பலரை விட்டு நீங்குவதில்லை.

இக்கலைக்கு உயிர்நாடி அளவுப் பிரமாணமாகும். எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்பது பெருவழக்கான பிரமாணம். இதன்படி ஆறடி ஓர் அங்குலமாகிறது. சிறகுகளின் முனைக்கு முனை 36 அடி 10 அங்குலம் அகன்ற ஸ்பிற்பயர் விமானம், ஆறு அங்குலத்துக்குச் சற்றே கூடிய பொருளாகி உள்ளங்கையில் அமர்ந்துவிடுகிறது.

இதனை வெறும் விளையாட்டென ஒதுக்குவாருமுளர். 1939ஆம் ஆண்டு செப்ரெம்பர் 6ஆந் திகதி, பிரித்தானியா போர்ப் பிரகடனஞ் செய்து மூன்றே நாட்களில், அந்நாட்டு ஸ்பிற்பயர் விமானிகள் தம்மவரின் ஹரிக்கேன் விமானங்களையே பகைவருடையவையென மயங்கிச் சுட்டனர். இரண்டு விமானங்கள் வீழ்ந்தன. இளம் விமானி ஒருவர் மாண்டார். வானத்தில் விமானம் நிழலுருவாகவே தோன்றும். அவ்வுருவைக் கணப்பொழுதில் இனங்காணாவிடின் நண்பனே பலியாவான். இவ்வகை ஆபத்தைத் தவிர்க்கும் பயிற்சிக்கென 1942இல் அமெரிக்கக் கடற்படை, பாடசாலை மாணவரிடம் 5 இலட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தருமாறு கேட்டது. மாணவர் மரத்தைச் செதுக்கி அவற்றை உருவாக்கினர். அத்தகைய மாதிரியை 35 அடி தூரத்திலிருந்து நோக்கினால், ஏறக்குறைய அரை மைல் தொலைவிற் பறக்கும் விமானத்தின் பருமனே கண்ணுக்குப் புலப்படும்.

பிளாஸ்ரிக் மாதிரிகளோ அதற்கு முன்னரே, 1936இல், இங்கிலாந்தில் வெளிவந்திருந்தன. அவை பறக்கமாட்டா, ஆகவே பறக்காத பறவையாகிய பென்குயினின் பெயரே அவற்றுக்கு இடப்பட்டது. போருக்குப் பின்னர் பொலிஸ்ரைரீன் என்னும் பிளாஸ்ரிக் பரவியது. 1953இல் ஏர்பிக்ஸ் நிறுவனத்தின் ஸ்பிற்பயர் மாதிரி தோன்றியது. அதன்பின், உளி பிடிக்கத் தெரியாத சிறுவனும் விமானஞ் செய்யக்கூடியவனானான்.

எனினும் வேலை எளிதானதெனக் கருதலாகாது. இங்கே பயன்படும் பசை, சாதாரண பசையன்று. பிளாஸ்ரிக்கைக் கரைக்குந் திரவமாகும். பொருத்தப்படும் விளிம்புகள் இரண்டும் இளகி ஒன்றோடொன்று கலக்கின்றன. திரவம் ஆவியானதும் அவை ஒரே உடலாகிவிடுகின்றன. ஒரு துளி மிகுந்து கண்ணாடி போன்ற மூடியிற் பட்டால், பல நாள் உழைப்பு மங்கிப்போகும். அவசரக்காரனை இக்கலை மன்னிப்பதில்லை.

முதுமையிற் கண் மங்குகிறது, விரல் நடுங்குகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியும் இடுக்கியும் துணைக்கு வருகின்றன. ஒரே நாளில் முடித்த வேலை ஒரு வாரமாகிறது. ஆயினும் விமானத்தின் இரு பாதிகளையும் பொருத்துமுன், உள்ளே விமானியின் இருக்கைக்கும் அதன் பட்டிகளுக்கும் அவர் வர்ணந் தீட்டுகிறார். மூடியபின் அவற்றிற் பெரும்பகுதி எவர் கண்ணுக்குந் தெரியாது. அவை அங்கே இருக்கின்றன என்பதைச் செய்தவர் அறிவார். அவருக்கு அதுவே போதும்.