ஒன்பதாவது இருக்கை

எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் செல்லும் நோயாளிகள் சிலருக்கு முதலில் கையில் ஓர் ஊசி போடப்படுகிறது. அம்மருந்தில் இருப்பது கடோலினியம் என்னும் உலோகம். காந்தப் பண்பு மிகுந்த இவ்வுலோகம், தன்னைத் தொடும் நீர் மூலக்கூறுகளின் சமிக்ஞையை வலுப்படுத்துகிறது. அதனால், இரத்தக் குழாய்களும் கட்டிகளும் படத்தில் பளிச்செனத் தெரிகின்றன.

ஆனால், கடோலினியம் தனியாக உடலுக்குள் சென்றால் நஞ்சு. அதன் அயனி, அளவில் கால்சிய அயனியை ஒத்தது. நரம்பும் தசையும் இயங்கத் தேவையான கால்சியத்தின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். எனவே, அதைக் கட்டிவைத்தே உள்ளே அனுப்ப வேண்டும். வேலை முடிந்ததும் சிறுநீரகம் அதைக் கட்டோடு வெளியேற்றிவிடும்.

உலோகத்தை வளையத்தின் நடுவில் வைப்பது இயற்கைக்குப் பழகிய வேலைதான். ஈமோகுளோபினில் இரும்பும் இலைப் பச்சையத்தில் மெக்னீசியமும் அவ்வாறே அமர்ந்திருக்கின்றன. காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் நுரை பொங்குகிறதே, அதுவும் இரும்பு வளையம் கொண்ட ஒரு நொதியின் செயல்தான்.

ஆய்வகத்தில் உருவான ‘டோட்டா’ என்பதும் ஒரு பெருவளையச் சேர்மம். பன்னிரண்டு அணுக்களால் ஆன அவ்வளையத்தில் நான்கு நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. வளையத்திலிருந்து நீளும் நான்கு கைகளின் நுனியில் ஆக்சிஜன் உள்ளது. இந்த எட்டும் சேர்ந்து கடோலினியத்தை இறுகப் பிடிக்கின்றன. கடோலினியத்தைச் சுற்றி இருப்பவையோ ஒன்பது இருக்கைகள். ஒன்பதாவது இருக்கை வேண்டுமென்றே நீருக்காக விடப்படுகிறது. ஒரு நீர் மூலக்கூறு வந்து ஒட்டி, உடனே விலகி, அடுத்ததற்கு வழிவிடுகிறது. ஒரு நொடியில் இது பல இலட்சம் முறை நடக்கிறது. ஒன்பதையும் அடைத்துவிட்டால் பாதுகாப்பு கூடலாம்; படமோ மங்கிவிடும்.

தொடக்கக் காலத்தில் வளையமில்லாத, சங்கிலி போன்ற சேர்மங்களும் பரவலாகப் பயன்பட்டன. சங்கிலியின் ஒரு முனை கழன்றால் மற்றப் பிடிகளும் ஒவ்வொன்றாகத் தளரும். வளையம் அவ்வளவு எளிதில் அவிழாது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் உடலில் மருந்து நீண்ட நேரம் தங்குவதால், இந்த வேறுபாடு அவர்களுக்கு ஆபத்தாக முடிந்தது. தோல் தடித்து, மூட்டுகள் மடங்காமல் இறுகும் நோய் சிலருக்கு ஏற்பட்டது. நோயைக் கண்டறியச் சென்றவர் புதிய நோயோடு திரும்புவது எவ்வளவு கொடுமை! இதற்கும் கடோலினியத்துக்கும் தொடர்பிருப்பதை 2006-இல் ஆஸ்திரியாவிலும் டென்மார்க்கிலும் இருந்த மருத்துவர்கள் சுட்டிக்காட்டினர். 2017-இல் ஐரோப்பிய மருந்து முகவை, சங்கிலி வகை மருந்துகள் பலவற்றை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது.

2022-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கடோபிக்ளினால் என்ற மருந்தும் வளைய வகைதான். அதில் நீருக்கு இரண்டு இருக்கைகள் உள்ளன. அதனால், வழக்கமான அளவில் பாதி கடோலினியமே போதுமாகிறது.