தடங்கல் எந்த உறுப்பில்?

தஞ்சோங் ரம்புத்தானை அடுத்த உலு கிந்தாவில் போலீஸ் பொது நடவடிக்கைப் படையின் வட பிரிகேட் முகாம் இருக்கிறது. படையினரை ஏற்றிய லோரி பள்ளிக்கூட வழியே போனால் போதும், பாடம் நின்றுவிடும். "சார், எந்தத் துப்பாக்கி சார் நல்ல துப்பாக்கி?" என்று பையன்கள் கேட்பார்கள். நம் நாட்டில் உரிமமின்றித் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது கடுங்குற்றம் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். பிறகு, அந்தக் கேள்வியையே சற்று மாற்றிக் கேட்கச் சொல்வோம்.

துப்பாக்கி என்பது ஒரே பொருள் அன்று. குழல், தோட்டா அமரும் அறை, தோட்டாப் பெட்டி, அதனுள் இருக்கும் சுருள்வில், வெற்றுக் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி, பிடிமரம் எனப் பல உறுப்புகள் சேர்ந்தது அது. ஒன்று பிசகினாலும் மற்றவை பயன்படா. ஆகவே, "எந்தத் துப்பாக்கி நல்லது?" என்பதைவிட, "தடங்கல் எந்த உறுப்பால் வருகிறது?" என்று கேட்பதே பொருத்தம்.

இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அன்று. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், நமக்கு அருகிலுள்ள சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி வந்த அவசர காலம் 1960 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் தோட்டங்களைச் சிறப்புக் காவலர்கள் காத்து நின்றார்கள். வெளியே நின்றவரின் துப்பாக்கி சமயத்தில் வெடிக்குமா என்பது, லயத்துக்குள் படுத்திருந்தவர்களின் உயிரைப் பற்றிய கேள்வி.

அன்று பரவலாக இருந்தது லீ-என்பீல்டு. கையால் இழுத்துத் தள்ளும் பூட்டு. பெட்டியில் 10 தோட்டாக்கள். சேற்றிலும் மழையிலும் உழைக்கும் துப்பாக்கி என்று பெயர் வாங்கியது. ஆயினும், அதன் தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் அமர்ந்துவிட்டால், இரண்டும் கோத்துக்கொண்டு வழிமறிக்கும். அது நிரப்பிய கையின் பிழை, பழியோ துப்பாக்கிக்கு.

அதே இனத்தில், காட்டுக்கென்று 1944 முதல் குட்டையாகவும் இலேசாகவும் ஒன்று செய்தார்கள். ஐந்தாம் எண் துப்பாக்கி என்பது அதன் பெயர். தூக்க எளிது; ஆனால் நேற்றுச் சரி செய்த குறி இன்று விலகியிருக்கிறது என்ற புகார் எழுந்தது. 1947இல் அதன் உற்பத்தி நின்றது. தடையின்றி வெடிப்பது ஒன்று. குறி நிலையாக நிற்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

சரி, எப்படிச் சோதிப்பது? பால் வெட்டுபவர் இருவரை நினைத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பால் அதிகம். "என் கத்தி உயர்ந்தது" என்கிறார். ஆனால் அவர் நிரையில் நிற்பவை இளமரங்கள், மற்றவருக்கோ கிழமரங்கள். கத்தியின் தரம் தெரிய வேண்டுமானால், அதே நிரையில், அதே கை, இரண்டு கத்திகளையும் நாள் மாற்றி நாள் பிடித்துப் பார்க்க வேண்டும்.

குறிசுடும் திடலிலும் முறை இதுவே. ஒரு நேரத்தில் ஓர் உறுப்பை மட்டுமே மாற்ற வேண்டும். தோட்டாப் பெட்டிகளுக்கு எண் இட்டு, தடங்கல் வந்தபோதெல்லாம் எந்தப் பெட்டி, எத்தனையாவது தோட்டா என்று குறிக்க வேண்டும். தடங்கல் பெட்டியைத் தொடர்ந்து போனால் குற்றம் பெட்டியில். துப்பாக்கியிலேயே நின்றால் குற்றம் துப்பாக்கியில்.

எத்தனை முறை சுட்டால் போதும்? 300 முறை சுட்டும் தடங்கலே இல்லை என்று வைத்துக்கொள்வோம். இனி வரவே வராது என்று சொல்லலாமா? கூடாது. கணக்கில் ஓர் எளிய வழி உண்டு. 3 என்ற எண்ணைச் சுட்ட எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 3-ஐ 300-ஆல் வகுத்தால் நூற்றில் ஒன்று. "தடங்கல் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இராது" என்று மட்டுமே, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதியோடு சொல்லலாம். ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் இராது என்று சொல்ல 3,000 முறை சுட்டிருக்க வேண்டும்.

இந்த ஒழுங்கை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு எம்-16 துப்பாக்கி சாட்சி. நம் நாட்டுப் படையினரும் பல்லாண்டு தாங்கிய துப்பாக்கி அது. தொடக்கச் சோதனைகளில் நன்றாக வேலை செய்தது. பிறகு தோட்டாவின் வெடிமருந்தை வேறு வகைக்கு மாற்றினார்கள். அந்த மருந்தால் துப்பாக்கி இன்னும் வேகமாக இயங்கியது, கரியும் படிந்தது. வியட்நாமின் ஈரத்தில் தோட்டா அறை துருப்பிடித்தது. சுட்ட கூடு அறையிலேயே ஒட்டிக்கொண்டது. துடைக்கத் தேவையில்லாத துப்பாக்கி என்ற எண்ணம் பரவியிருந்ததால், துடைக்கும் கருவிகள்கூடப் போதுமான அளவு கொடுக்கப்படவில்லை. இயங்காத துப்பாக்கியைப் பிடித்தபடியே இளைஞர்கள் மாண்டார்கள். 1967இல் அமெரிக்கக் காங்கிரசின் துணைக்குழு ஒன்று இதை விசாரித்து, மருந்து மாற்றத்தைக் கண்டித்தது. அறைக்குக் குரோம் பூச்சு வந்தது. துடைக்கும் கருவிகளும் படக்கதையாக வரைந்த கையேடும் வந்தன. அதன் பின்னரே துப்பாக்கி தேறியது.

திடல் ஓரிடம், களம் வேறிடம் என்பதையும் மறக்கலாகாது. இந்தியாவின் இன்சாஸ் துப்பாக்கியின் பிளாஸ்டிக் தோட்டாப் பெட்டிகள், 1999 கார்கில் போரின் கடுங்குளிரில் விரிசல் கண்டதாகப் புகார் எழுந்தது. நம் கிந்தாப் பள்ளத்தாக்கில் குளிர் இல்லை, ஈரம் உண்டு. பிடிமரம் ஈரத்தில் உப்பிக் குழலை அழுத்தினால் குறி விலகும். எங்கே பயன்படப்போகிறதோ, அந்தச் சூழலிலும் சோதித்தால்தான் சோதனை முழுமை பெறும்.

நேயர்களே, இந்தப் பாடம் துப்பாக்கியோடு முடிவதில்லை. தையல் இயந்திரமோ, தண்ணீர் இறைக்கும் பம்போ, எதுவாயினும் ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுவோம்; நடந்ததை எழுதி வைப்போம்; போதிய முறை பார்ப்போம். ஒரே தேர்வில் ஒரு பிள்ளையை மக்கு என்று முடிவுகட்டும் பழக்கம் ஆசிரியர்களாகிய நம்மிடமும் உண்டு. பிழை பிள்ளையிடமா, கேள்வித்தாளிலா, பாடம் சொன்ன நம்மிடமா என்று அங்கேயும் பிரித்துப் பார்ப்போமாக.