கல்லறைத் தோட்டத்தில் மூன்று மணித்தியாலம்: எட் விட்லொக்கின் ஓட்டப் பயிற்சி

42.195 கிலோமீற்றர் தூரத்தைக் கொண்ட மரதன் ஓட்டம், வேகத்தைக் காட்டிலும் தாங்குதிறனையே பெரிதும் சோதிப்பதாகும். நெடுநேரம் உழைக்கும் தசைகளுக்கு இதயமும் நுரையீரலும் ஒட்சிசனை இடைவிடாது வழங்குவதும், அவ்வுழைப்பால் வரும் களைப்பை உடல் பொறுத்துக்கொள்வதும் சேர்ந்ததே தாங்குதிறன் எனப்படுகிறது. தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைக்கோஜன் என்னும் மாச்சத்து, ஓடுவோர் பலருக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றரளவில் குறைந்துவிடுவதால், கொழுப்பையும் எரிபொருளாகக் கூடுதலாகப் பயன்படுத்த உடலைப் பழக்குவது நெடுந்தூரப் பயிற்சியின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்றாகும். இந்தப் பழக்கம் மெதுவான, நீண்ட ஓட்டங்களால் கைகூடும் என்பதற்கு, ரொறன்ரோவுக்கு மேற்கே மில்ற்றன் நகரில் வாழ்ந்த எட் விட்லொக் சிறந்த சான்றாவார்.

1931ஆம் ஆண்டு இலண்டன் பகுதியில் பிறந்த விட்லொக், இளமையில் ஓட்டவீரராக விளங்கியபோதிலும், சுரங்கப் பொறியியலாளராகக் கனடாவுக்குக் குடிபெயர்ந்த பின்னர் பல ஆண்டுகள் ஓட்டத்தையே விட்டிருந்து, நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் மீண்டும் அதற்குத் திரும்பினார். 2003ஆம் ஆண்டு ரொறன்ரோ வோட்டர்ஃபிரன்ற் மரதனை 2 மணித்தியாலம் 59 நிமிடம் 10 செக்கன்களில் ஓடி முடித்ததன் மூலம், 70 வயதைக் கடந்தவர்களுள் மூன்று மணித்தியாலத்துக்குள் மரதனை நிறைவு செய்த முதல் மனிதர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு, 73 வயதில், அதே போட்டியை 2 மணித்தியாலம் 54 நிமிடம் 48 செக்கன்களில் முடித்து அவர் நிலைநாட்டிய சாதனை பல்லாண்டுகள் முறியடிக்கப்படாமல் நின்றது.

இச்சாதனைகளுக்குப் பின்னால் பயிற்றுநரோ, இதயத்துடிப்பை அளக்கும் கருவியோ, தனி உணவுமுறையோ இருக்கவில்லை. வீட்டுக்கு அண்மையிலிருந்த எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்தில், ஏறத்தாழ அரைக் கிலோமீற்றரளவான பாதையை மீண்டும் மீண்டும் சுற்றி, சில காலங்களில் நாள்தோறும் மூன்று மணித்தியாலம் வரை அவர் ஓடினார். எத்தனை சுற்றுகள் என்று எண்ணாமல் கைக்கடிகாரத்தை மட்டுமே அவர் பார்த்துக்கொள்வது வழக்கம். பாதங்களை அதிகம் உயர்த்தாமல், குறுகிய அடிகளாக, ஏறத்தாழ நிலத்தைத் தேய்த்தபடி ஓடிய அவரது முறை, முழங்கால்களின் மீது விழும் அதிர்வைக் குறைத்தது. சுற்று சிறியதாக இருந்ததால் எதிர்க்காற்று நெடுநேரம் முகத்தில் மோதுவதில்லை. உடலுக்கு முடியாமற்போனால் வீடும் அருகிலேயே இருந்தது. பல ஆண்டுகள் பழமையான காலணிகளையே அவர் போட்டிகளிலும் அணிந்தார். நாளாந்தப் பயிற்சி தமக்கு இன்பம் தருவதாக அவர் காட்டிக்கொண்டதுமில்லை. போட்டியில் நன்றாக ஓட வேண்டுமென்பதற்காகவே அந்தச் சலிப்பை அவர் ஏற்றுக்கொண்டார்.

எனினும் இவ்வாழ்க்கை தடையின்றிச் செல்லவில்லை. 2001ஆம் ஆண்டு, 70 வயதில், அவர் மூன்று மணித்தியால எல்லையை வெறும் 24 செக்கன்களால் தவறவிட்டார். மூட்டுவாதத்தால் உண்டான முழங்கால் நோவும் அவரது பயிற்சியைப் பலமுறை குலைத்தது. ஒவ்வொரு தடவையும், விட்ட இடத்திலிருந்து தொடங்க முயலாமல், சில நிமிட ஓட்டத்தில் ஆரம்பித்து நேரத்தைப் படிப்படியாகக் கூட்டியே அவர் பழைய நிலைக்கு மீண்டார். எண்பது வயதைத் தாண்டிய நிலையில் அவரைச் சோதித்த மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடும் உழைப்பின்போது உடல் உள்வாங்கக்கூடிய ஒட்சிசனின் உச்ச அளவு அவரில் அந்த வயதினருக்குரியதை வெகுவாக விஞ்சியிருந்ததைக் கண்டனர்.

2011 ஒக்ரோபர் 16 அன்று நடைபெற்ற ரொறன்ரோ வோட்டர்ஃபிரன்ற் மரதனில், 80 வயதான விட்லொக் 3 மணித்தியாலம் 15 நிமிடம் 54 செக்கன்களில் ஓடி முடித்தார். அதே வீதிகளில், நூறு வயதானவராக அறியப்பட்ட பஞ்சாப்பில் பிறந்த ஃபௌஜா சிங், எட்டு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் எல்லைக்கோட்டைக் கடந்தார். 2016இல், 85 வயதில், நான்கு மணித்தியாலத்துக்குள் மேலுமொரு மரதனை நிறைவு செய்த விட்லொக், 2017 மார்ச் மாதத்தில் புற்றுநோயால் காலமானார்.

ரொறன்ரோவில் தமிழர் பலர் வாழும் ஸ்காபரோவின் வோபர்ன் பகுதிக்கு இவ்வரலாறு தொலைவிலுள்ள ஒன்றன்று. தெற்காசியரிடையே நீரிழிவும் இதய நோயும் கூடுதலாகக் காணப்படுவதை மருத்துவம் உறுதிசெய்திருக்கும் நிலையில், இரவுப் பணி, பனிக்காலம், நேரமின்மை ஆகியவை இங்குள்ளோர் உடற்பயிற்சியைக் கைவிடுவதற்குச் சொல்லும் வழமையான காரணங்களாக இருக்கின்றன. ஆனால் மின்கம்பிகளின் கீழே வோபர்னை ஊடறுத்துச் செல்லும் பசுமைவழிப் பாதை, சந்திகளைத் தவிர வாகன இடையூறின்றி நடக்கவும் ஓடவும் இடந்தருகிறது. பனி உறைந்த நாள்களில் எல்ஸ்மியர் வீதியிலுள்ள சமூக மையத்தின் நீச்சல் தடாகம் அதற்கு மாற்றாக அமையும். எவரும் மூன்று மணித்தியாலம் ஓட வேண்டியதில்லை. மருத்துவரின் ஆலோசனையுடன் பேச்சு முட்டாத வேகத்தில் தொடங்குவதும், நோவு கண்டால் நிறுத்துவதும், ஆறிய பின் முன்பைவிடக் குறைந்த அளவிலிருந்து மீண்டும் ஆரம்பிப்பதும் போதுமானவை. விட்லொக் கடைப்பிடித்த முறையில் வேறெவரும் பின்பற்ற இயலாதது என்று எதுவுமில்லை.