இலை காட்டும் காந்தம்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில் அரியூர் நாடு முதலாக 14 நாடுகள் உள்ளன. காரவள்ளியிலிருந்து மலையேறும் சாலை 70 கொண்டையூசி வளைவுகளை உடையது. இறங்கிவரும் வண்டி ஒவ்வொரு வளைவிலும் விசையை அடக்கியே திரும்புதல் வேண்டும். ஓட்டுநர் பிரேக்கை அழுத்துங்கால் சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு தேய்கின்றது. தேய்ந்த இரும்பு எங்கே செல்கின்றது? ஒரு பகுதி சாலையில் விழும். எஞ்சியது நுண்ணிய தூசியாகிக் காற்றில் மிதந்து, ஓரத்து மரங்களின் இலைகளிற் படியும். எஞ்சின் புகையிலும் இத்தகைய இரும்புத் துகள்கள் உண்டு.

மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் பருமன் உடையது. நுரையீரலின் உள்ளறைவரை செல்லவல்ல தூசியோ 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியது. காற்றை உறிஞ்சி, வடிதாளில் தூசியைப் பிடித்து நிறுக்கும் கருவிகள் உள. அவை விலை மிக்கவை, மின்சாரம் வேண்டுபவை, தெருவுக்கொன்று வைத்தல் அரிது. மரமோ தெருதோறும் நிற்கின்றது, கூலியும் கேட்பதில்லை.

பறித்த இலையை வலிய காந்தப்புலத்தில் வைத்தெடுத்தால், அதன்மேற் படிந்த இரும்பு ஆக்சைடுத் துகள்கள் காந்தமாகும். புலத்தை நீக்கிய பின்னும் அவற்றில் எஞ்சி நிற்கும் காந்தத்தை நுட்பமான கருவி அளந்து காட்டும். இலைக்கு இயல்பாக அத்தன்மை இல்லை. ஆதலின் அவ்வளவு பெரும்பாலும் தூசிக்கே உரியது.

இங்கிலாந்தின் நார்விச் நகரில் பூர்ச்ச மர இலைகளை இவ்வாறு ஆராய்ந்த மாட்சுக்கா, பார்பரா மாகர் என்னும் இருவரும் தம் முடிவுகளை 1999 இல் வெளியிட்டனர். சாலைக்கு அணித்தாக நின்ற மரங்களில் காந்தம் மிகுந்திருந்தது. அகல அகலக் குறைந்தது. நம் நாட்டில், மலைமேல் அமைந்த ஐசால் நகரத்துச் சாலையோர இலைகளைப் பற்றிய ஆய்வு 2014 இல் வெளிவந்தது.

இஃது இலையோடு நின்ற செய்தியன்று. மெக்சிகோ, மான்செஸ்டர் நகரங்களில் வாழ்ந்து இறந்த 37 பேரின் மூளைத் திசுக்களை மாகரும் உடனாய்ந்தோரும் நோக்கினர். பெருவெப்பத்திற் பிறந்தமைக்கு அடையாளமாக உருண்டை வடிவுற்ற காந்த இரும்புத் துகள்களை அங்கே கண்டு, 2016 இல் அறிவித்தனர். மூக்கின் வழியே அவை மூளையை அடைந்திருக்கக்கூடும் என்பது அவர்தம் கருத்து. அவற்றால் நோய் விளையுமா என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகின்றது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. நச்சு வாயுக்களை இது காட்டாது. மேலும், கொல்லிமலையின் பாறைகளிலேயே காந்த இரும்புக் கனி கலந்துள்ளது. காற்று எழுப்பும் செம்மண்ணும் இலையிற் படிந்து காந்தம் காட்டும். வளைவில் நிற்கும் பலாவின் இலையை மட்டும் அளந்து, குற்றம் முழுவதையும் வண்டியின்மேற் சுமத்துதல் முறையன்று. அதே மண்ணில், சாலையை விட்டு நெடுந்தொலைவில் நிற்கும் பலாவின் இலையையும் அதே உயரத்திற் பறித்து ஒப்பிடுதல் வேண்டும். இரண்டையும் ஒரே நாளிற் பறித்தல் நலம். இடையில் ஒரு மழை பெய்து தூசியைக் கழுவிவிட்டால் கணக்குப் பிழைபடும்.