வலிக்காத விரல்

வேலூரில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துவந்த டாக்டர் பால் பிராண்ட், ஒருநாள் துருப்பிடித்த பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாவி அசைவேனா என்றது. நோயாளிச் சிறுவன் ஒருவன் அதை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். ஒல்லிப் பையனுக்கு இவ்வளவு பலமா என்று பார்த்தால், தரையில் ரத்தம். எலும்பு தெரியும் அளவுக்குச் சாவி அவன் விரலை வெட்டியிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

அந்தப் பலம் நம் கையிலும் இருக்கிறதுதான். வலி குறுக்கே வந்து நிறுத்திவிடுகிறது. அந்த வலியைக் கொண்டுவருபவை நரம்புகள்.

நிலைப்படியில் முழங்கை இடித்து, சுண்டுவிரல்வரை கரண்ட் அடித்ததுபோல் சுரீரென்று ஓடுமே, அப்போது இடிபடுவது அல்னார் நரம்பு. கழுத்தடியில் தண்டுவடத்திலிருந்து புறப்பட்டு, முழங்கையில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே மேலாகவே கடந்து, சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் போய்ச் சேர்கிறது அது. இடி விழுந்தது என்னவோ முழங்கையில். ஆனால் அந்த வழியாக வரும் சேதியெல்லாம் விரலிலிருந்து வருவதாகவே மூளைக்குக் கணக்கு. அதனால்தான் விரல் விறுவிறுக்கிறது.

ஒரு நரம்பு என்பது ஆயிரக்கணக்கான நுண்ணிழைகளின் கட்டு. சில இழைகள் மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும். சில, தோலின் சேதியை மேலே எடுத்துவரும். தொடுவுணர்வு இழைகளுக்குத் தடித்த கொழுப்புறை இருப்பதால், சேதி நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் பறக்கும். வலிக்கோ இரண்டு பாதைகள். மெல்லிய உறை போர்த்திய இழைகளில் அது ஓடும். உறையே இல்லாதவற்றில் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில் நடக்கும். கால் கட்டைவிரல் கல்லில் இடித்தால் முதலில் சுருக்கென்று ஒரு வலி, ஒரு கணம் விட்டுக் காந்தலாக இன்னொன்று வருவது இதனால்தான்.

சூடான தோசைக்கல்லில் கை பட்டால், சேதி மூளைக்குப் போகும்வரை உடம்பு காத்திருக்காது. தண்டுவடமே கையை இழுத்துவிடும். ‘ஐயோ’ பிறகுதான்.

இந்த நரம்புகளைக் கெடுக்கும் தொழுநோய்க் கிருமியை 1873-ல் கண்டறிந்தவர் நார்வேயின் ஹான்சன். உடலில் குளிர்ச்சியான இடங்களைத் தேடிப்போகும் கிருமி அது. தோலை ஒட்டி ஓடும் நரம்புகள் அதற்குத் தோதானவை. முழங்கையில் அல்னார் நரம்பு வீங்கித் தடிப்பது இந்த நோயில் சாதாரணம். இழைகளைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களுக்குள்ளேயே கிருமி குடியேறுகிறது. உணர்வு மங்குகிறது. கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் மடங்கிப்போகின்றன.

நோயே விரல்களைத் தின்றுவிடுகிறது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 1914-ல் கொல்லிமலையில் பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவம் படித்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த பிராண்ட் அதைச் சந்தேகித்தார். காயங்களைக் கவனித்துப் பார்த்ததில் காரணம் பிடிபட்டது: அடுப்புச் சூடு, ஆணி, கருவிகளின் கைப்பிடி. வலி தெரியாததால் புண்பட்ட இடமே மறுபடி மறுபடி புண்பட்டு, விரல் தேய்ந்துகொண்டே வந்தது. மடங்கிய விரல்களை நிமிர்த்த, நரம்பு கெடாத தசையின் தசைநாணைத் திருப்பி விரலில் பொருத்தினார் அவர். அந்தப் பழைய தசைக்கு இப்போது புது வேலை என்பதை நோயாளியின் மூளை பயிற்சியில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஆச்சரியம், அது கற்றுக்கொள்கிறது!

போன உணர்வைத் திரும்பக் கொண்டுவருவதுதான் கடினம். இன்று கூட்டுமருந்து சிகிச்சை கிருமியை ஒழித்துவிடும். நரம்பு கெடுவதற்கு முன்பே மருந்து தொடங்கினால் கையும் தப்பும்.

பிராண்டுக்கு ஒரு புதிர் மட்டும் மிச்சமிருந்தது. இரவு முழு விரலோடு படுத்தவர்கள் சிலர், காலையில் விரலின் ஒரு பகுதி இல்லாமல் எழுந்தார்கள். கண்விழித்துக் காவல் இருந்தபோதுதான் தெரிந்தது, எலி. அது கடித்தும் தூங்குகிறவருக்கு உறைக்கவில்லை. அதன்பிறகு வீடு திரும்பும் நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள்.